உறிஞ்சு பள்ளம் வெட்டும் முன் மண்ணைச் சோதிப்பது எப்படி: சென்னை மனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில் ஒரு குழி தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடத்தில் அது காணாமல் போனதும் “நல்லா இழுக்குது சார்” என்று மேஸ்திரி சொல்வார். அதை நம்பிப் பள்ளம் வெட்டியவர் வீட்டில் கார்த்திகை மாதம் கழிப்பறைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். காய்ந்த மண் எதையும் குடிக்கும். மழை முடிந்து நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும்போதும், தினமும், வருடக்கணக்கில் அது குடிக்குமா என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை ஆழமில்லாத ஜல்லிப் பள்ளங்கள் வழியாக மண்ணுக்குள் விடும் அமைப்புக்கானது இந்த வழிகாட்டி. லீச் ஃபீல்ட், சோக் டிரெஞ்ச் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது இதைத்தான். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இந்த வேலையே வேண்டாம், இணைப்பு வாங்கிவிடுங்கள். சாக்கடை இன்னும் வராத புறநகர் மனைகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும்தான் இது.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். செலவே இல்லாத சோதனைகள் முன்னால் வருகின்றன. பாதி மனைகள் அங்கேயே தேறாமல் போய்விடும்.

1. மண்ணைத் தொடும் முன் டேப்பை எடுங்கள்

உறிஞ்சு பள்ளம் குடிநீர்க் கிணறு, போர்வெல் எதிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர் (சுமார் 60 அடி) தள்ளி இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து 6 மீட்டர் (சுமார் 20 அடி). இவை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்லும் அளவுகள். முதலாவது கிருமி கிணற்றுக்குப் போகாமலிருக்க, இரண்டாவது அஸ்திவாரத்தடி மண் ஊறி இளகாமலிருக்க.

இப்போது ஒரு கிரவுண்டு மனையை நினைத்துப் பாருங்கள். 40-க்கு 60 அடி. மூலைக்கு மூலை அளந்தாலே 72 அடிதான். ஒரு மூலையில் போர் போட்டால் எதிர் மூலையில் மட்டும்தான் பள்ளத்துக்கு இடம், நடுவில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஒட்டிப் போர் போட்டிருந்தால் அந்த மூலையும் போயிற்று. அரை கிரவுண்டு மனையில் இதற்கு வழியே இல்லை, எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும்.

ஆகவே உங்கள் மனையோடு நான்கு பக்கத்து மனைகளிலும் உள்ள கிணறு, போர், சம்ப் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். புதியவர்கள் விட்டுவிடும் ஒன்று மழைநீர்ச் சேகரிப்புக் கிணறு. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் ஏறக்குறைய எல்லா மனையிலும் ஓர் உறைகிணறு இறங்கியிருக்கும். மேல் மண்ணைத் தாண்டி நேராக நீரடுக்குக்குப் போகும் வழி அது. அதையும் குடிநீர்க் கிணறாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

100 முதல் 150 மி.மீ. விட்டமுள்ள கை ஆகர் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி), அதை 3 மீட்டர் வரை நீட்டும் கம்பிகளோடு. கடப்பாரை, மண்வெட்டி. பலகைத் துண்டில் நாலைந்து ஆணி அடித்த கீறி. 10 மி.மீ. அளவுக்குக் கழுவிய சிறு ஜல்லி ஒரு பாண்டுச் சட்டி. ஸ்டீல் டேப், மி.மீ. கோடு தெளிவாகத் தெரியும் ஓர் அடி ஸ்கேல், ஒரு மட்டப்பலகை, ரசமட்டம். 200 லிட்டர் டிரம் இரண்டு. பக்கவாட்டில் துளையிட்ட 75 மி.மீ. பிவிசி குழாய் 3 மீட்டர். ஒரு கைக்கடிகாரம், நோட்டு, பேனா.

டிரம் இரண்டு எதற்கு என்றால், 150 மி.மீ. குழியில் 300 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தவே ஐந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும். மணலில் அது பத்து நிமிடத்தில் இறங்கினால் ஒரு குழிக்கே மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல். பாதியில் தண்ணீர் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கலங்கலான லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். டிரம்மில் ஓர் இரவு தெளிய விடுங்கள். வண்டல் குழியின் அடியில் படிந்தால் நல்ல மண்ணும் மோசமாகக் காட்டும்.

3. எந்த மாதத்தில் செய்வது

சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. நிலத்தடி நீர் டிசம்பர், ஜனவரியில் உச்சம். மே, ஜூனில் அடிமட்டம். நிலத்தடி நீர் மட்டத்தைப் பார்க்க மார்கழிதான் சரியான மாதம்.

கசிவு வேகத்தை எந்த மாதத்திலும் அளக்கலாம், ஆனால் 6-ஆவது படியில் சொல்வதுபோல ஊறவைத்த பிறகு மட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது வேண்டாம், மேல்நீர் குழிக்குள் வழியும். கட்டட வேலை மே மாதம் தொடங்குகிறது, மார்கழிவரை பொறுக்க முடியாது என்றால் அடுத்த படியில் மண்ணே விட்டுவைத்திருக்கும் தடயங்களைப் படிக்க வேண்டும்.

4. ஆகர் துளை: மண்ணும் நீரும் சொல்வதைக் கேளுங்கள்

முழு வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆனால் எல்லோரும் தாவிவிடுவதும் இதைத்தான்.

பள்ளம் வரப்போகும் இடத்தின் இரு முனைகளிலும் நடுவிலும் ஆகர் துளை போடுங்கள். 2.5 முதல் 3 மீட்டர் ஆழம். ஒவ்வொரு 25 செ.மீ.க்கும் வெளிவரும் மண்ணைத் தார்ப்பாயில் வரிசையாகக் கொட்டி, ஆழத்தை எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் அடுக்கு தெரியாது. ஆகருக்குப் பதிலாக ஜேசிபியால் குழி எடுத்தால் 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. கடற்கரை மணல் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியும்.

கையால் மண் பார்ப்பது: ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்குங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் மணல் கலந்த நல்ல மண். 5 செ.மீ.க்கு மேல் ஒடியாமல் நீண்டால் கெட்டிக் களிமண். அந்த அடுக்கில் பள்ளத்தின் அடி உட்காரக் கூடாது.

முதலில் தேட வேண்டியது கொட்டிய மண். தாழ்வான மனைகளைச் சவுடு கொட்டி மூன்று, நான்கு அடி மேடேற்றி விற்பது இங்கே வழக்கம். சவுட்டில் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கட்டட இடிபாடு தென்படும். அதில் தண்ணீர் இடுக்குகள் வழியே வேகமாக ஓடும், பிறகு அடியிலுள்ள பழைய வயல் களிமண்ணின் மேல் தேங்கி நிற்கும். சவுட்டில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. இயற்கை மண் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்து நிறம். ஒரே சீரான செம்மை, பழுப்பு என்றால் அங்கே காற்றோட்டம் உண்டு. சாம்பல் மண்ணில் துருப்பிடித்த ஆணி நிறத்தில் புள்ளிகளும் திட்டுகளும் தெரிந்தால், வருடத்தில் சில வாரங்களாவது நீர் அதுவரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். மண்ணிலுள்ள இரும்பு, நீரில் மூழ்கும்போது கரைந்து நகர்கிறது, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. மே மாதத்தில் துளை எலும்பாய்க் காய்ந்திருந்தாலும் இந்தத் திட்டுகள் மார்கழி மட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். அவை முதலில் தென்படும் ஆழத்தையே உச்ச நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் இரும்பு குறைவாக இருந்தால் இந்தத் தடயம் தெளிவாகத் தெரியாது. அங்கே பக்கத்து உறைகிணற்றை எட்டிப் பாருங்கள். உள்சுவரில் பாசியும் உப்பும் படிந்த கோடு இருக்கும். மேலிருந்து அது எத்தனையாவது உறை என்று எண்ணி, ஓர் உறையின் உயரத்தால் பெருக்குங்கள். “மார்கழியில எத்தனை உறை தண்ணி நிக்கும்?” என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

பிறகு துளையிட்ட பிவிசி குழாயை ஆகர் துளைக்குள் இறக்கி, ஒருநாள் விட்டு, மறுநாள் டேப் நுனியில் சாக்பீஸ் தடவி இறக்கி நீர்மட்டத்தை அளவிடுங்கள். தோண்டிய உடனே அளப்பது தவறு. களிமண்ணில் நீர் துளைக்குள் வந்து சேரவே ஒரு நாள் ஆகும்.

தேறுவதற்கான கோடு இது: பள்ளத்தின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1.2 மீட்டர் ஈரமில்லாத மண் வேண்டும், மணலில் 2 மீட்டர். கழிவுநீரைச் சுத்தம் செய்வது பள்ளத்திலுள்ள ஜல்லி அல்ல. காற்றோட்டமுள்ள இந்த மண் அடுக்கும் அதில் வாழும் நுண்ணுயிர்களும்தான். அது இல்லையென்றால் நீங்கள் அமைப்பது கிணற்றுக்குக் கழிவுநீர் விடும் குழாய். கெட்டிக் களிமண் அடுக்கு, பாறை எது குறுக்கே வந்தாலும் இதே கணக்குதான், ஏனென்றால் அதன் மேல் நீர் தேங்கும்.

சென்னையைச் சுற்றி எங்கே என்ன எதிர்பார்க்கலாம்: நீலாங்கரை முதல் உத்தண்டி வரை கடற்கரையோரம் மணல், கசிவு வேகம், நீர்மட்டம் மேலே. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண், மழையில் தேக்கம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை சீக்கிரமே ஆகரைத் தடுக்கும். பாறை வெடிப்பில் நீர் வேகமாக இறங்கினால் மகிழ வேண்டாம், வடிகட்டப்படாமல் அப்படியே போகிறது. செங்குன்றம் பக்கத்துச் செம்மண் கல் நிலம் இவற்றைவிடப் பரவாயில்லை. இவையெல்லாம் வழிகாட்டும் குறிப்புகள்தான். ஒரே தெருவில் மண் மாறும், ஆகருக்கு இவை மாற்று அல்ல.

5. சோதனைக் குழியின் ஆழத்தை முடிவு செய்தல்

கசிவுச் சோதனை பள்ளத்தின் அடி வரப்போகும் ஆழத்தில் நடக்க வேண்டும். அதற்குச் செப்டிக் டேங்கின் வெளியேறும் குழாய் எந்த ஆழத்தில் வரும் என்று முதலில் தெரிய வேண்டும். உதாரணமாக அது தரையிலிருந்து 50 செ.மீ. கீழே, பள்ளம் வரை சாய்வுக்கு 10 செ.மீ., குழாய்க்கடியில் ஜல்லி 15 செ.மீ. என்றால் பள்ளத்தின் அடி 75 செ.மீ. குழியும் 75 செ.மீ.

டேங்கை ஆழமாகப் புதைத்துவிட்டால் பள்ளமும் ஆழமாகும், நீர்மட்டத்தோடு இருக்கும் இடைவெளி குறையும். மண்ணைப் பார்க்கும் முன்பே டேங்கைக் கட்டி முடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பள்ளத்தை 90 செ.மீ.க்கு மேல் ஆழப்படுத்த வேண்டாம்.

குறைந்தது மூன்று குழிகள், களம் (பள்ளங்கள் வரப்போகும் இடம்) முழுவதும் பரவலாக. விட்டம் 150 மி.மீ., மூன்றும் ஒரே அளவு. விட்டம் மாறினால் சுவருக்கும் அடிக்கும் உள்ள விகிதம் மாறி எண்களை ஒப்பிட முடியாது. ஆகர் சுழன்றதில் குழிச் சுவர் மண்பானை போல வழவழப்பாகியிருக்கும். ஆணிக் கீறியால் சுரண்டி, உதிர்ந்த மண்ணை வெளியே எடுத்து, அடியில் 50 மி.மீ. சிறு ஜல்லி போடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது அடி மண் கலங்காமல் இருக்கவே இந்த ஜல்லி.

6. ஊறவைத்தல்

ஜல்லிக்கு மேல் 300 மி.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். குழாயை நேராகக் குழிக்குள் பாய்ச்சாமல் மெதுவாக ஊற்றுங்கள். குறைந்தது 4 மணி நேரம் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே இருந்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். அளப்பது மறுநாள்.

காரணம் களிமண்ணின் குணம். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்திருக்கும், முதல் இரண்டு குடம் அந்த வெடிப்புகளுக்குள் போய்விடும். நீர் குடித்துக் களித்துகள்கள் உப்பி வெடிப்புகள் மூடிய பிறகு தெரிவதுதான் மண்ணின் உண்மையான வேகம். முன்னால் சொன்ன மேஸ்திரியின் ஐந்து நிமிடக் கணக்கு பொய்த்தது இதனால்தான். சுத்த மணலில் உப்புவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் சுத்த மணல்தான் என்று ஆகர் சொல்லாதவரை இரவைச் சுருக்க வேண்டாம்.

7. அளத்தல்

குழியின் வாயில் மட்டப்பலகையை ரசமட்டம் பார்த்து வைத்து, இரு முனையிலும் செங்கல் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். பலகையில் ஒரு புள்ளி குறித்து, எப்போதும் அங்கிருந்தே நீர்ப்பரப்பு வரை அளவிடுங்கள். குழி விளிம்பிலிருந்து அளந்தால் விளிம்பு உதிர்ந்ததும் கணக்கு போயிற்று.

காலையில் குழியைப் பார்க்கும்போது மூன்றில் ஒரு நிலை இருக்கும்.

இரவுத் தண்ணீர் இன்னும் நிற்கிறது: ஜல்லிக்கு மேல் 150 மி.மீ. இருக்கும்படி சரிசெய்து, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவிடுங்கள். அதுவே முடிவு.

தண்ணீர் இல்லை: 150 மி.மீ.க்கு நிரப்பி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் 150-க்கு நிரப்பி, 4 மணி நேரம் தொடருங்கள். கடைசி 30 நிமிட இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

150 மி.மீ. முழுதும் 30 நிமிடத்துக்குள் வற்றிவிடுகிறது: மணல் மண். 10 நிமிட இடைவெளியில் ஒரு மணி நேரம் அளந்து கடைசி 10 நிமிடத்தை எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் 150-க்கு நிரப்புவது வீண் வேலை போலத் தோன்றும். நீர் உயரம் குறையக் குறைய அழுத்தமும் நனையும் சுவரும் குறைந்து வேகம் தானாகவே விழும். நிரப்பாமல் அளந்த எண்ணைக் கீழே வரும் சூத்திரத்தில் போட்டால் பொருந்தாது.

8. கணக்கு

கசிவு வேகம் என்பது நீர் 25 மி.மீ. இறங்க ஆகும் நிமிடங்கள். கடைசி 30 நிமிடத்தில் 47 மி.மீ. இறங்கியிருந்தால் 30 × 25 ÷ 47 = 16 நிமிடம்.

ஒரு சதுர மீட்டர் பள்ள அடிக்கு ஒரு நாளில் விடக்கூடிய லிட்டர் = 204 ÷ √நிமிடம். 4 நிமிடத்துக்கு 102, 16-க்கு 51, 25-க்கு 41, 30-க்கு 37, 60-க்கு 26.

ஐந்து பேர் வீடு, தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாகிறது என்றால் நாளுக்கு 540 லிட்டர். 540 ÷ 51 = 10.6 சதுர மீட்டர். பள்ளத்தின் அகலம் 60 செ.மீ. என்றால் நீளம் சுமார் 18 மீட்டர், அதாவது 9 மீட்டரில் இரண்டு. இரண்டுக்கும் நடுவே 1.8 மீட்டராவது விட வேண்டும். இதே அளவு இடத்தைப் பிற்காலத்துக்குக் காலியாக வையுங்கள். இந்தப் பள்ளம் ஒருநாள் அடைத்துக்கொள்ளும், அப்போது திரும்ப வேறு மண் வேண்டும்.

16 நிமிடத்துக்கு 25 மி.மீ. என்றால் ஒரு நாளில் 2,250 மி.மீ., சதுர மீட்டருக்கு 2,250 லிட்டர் ஆயிற்றே, ஏன் 51 மட்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழியில் நீர் பக்கச்சுவர் வழியாகவும் போனது. அதோடு நீங்கள் ஊற்றியது தெளிந்த நீர். செப்டிக் டேங்க் நீர் சில மாதங்களில் பள்ளத்தின் அடியில் கருப்பாக ஒரு வழுவழுப்புப் படலத்தை உண்டாக்கும், அதன்பின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தப் படலம்தான். அந்தப் பெரிய வித்தியாசம் இதற்காக. ஒப்பந்தக்காரர் “இவ்வளவு நீளம் எதுக்கு” என்று பாதியாக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

9. எண் வந்தபின் வரும் தவறுகள்

மூன்று குழிகளில் 12, 15, 40 என்று வந்தால் சராசரி எடுத்து 22 என்று எழுதுவது வழக்கமான பிழை. 40 வந்த இடத்தில் களி அடுக்கு இருக்கிறது. அங்கே இன்னொரு ஆகர் துளை போட்டு, களத்தை அந்தப் பக்கம் போகாமல் நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லை என்றால் 40-ஐ வைத்தே கணக்கிடுங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால் மட்டும் சராசரி.

கழிப்பறை நீரை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு, பிறகு வாஷிங் மெஷினையும் குளியலறையையும் அதே டேங்கில் சேர்ப்பது அடுத்த பிழை. மொட்டை மாடி மழைநீரை இதில் சேர்ப்பது அதைவிட மோசம்.

மூன்றாவது, வேகமான மணலைக் கண்டு சந்தோஷப்படுவது. 25 மி.மீ. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் சூத்திரம் 204 லிட்டர் வரை அனுமதிக்கும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணலில் அவ்வளவு ஏற்றாதீர்கள். 90 லிட்டரோடு நிறுத்தி, பள்ளத்தை நீளமாக்கி, ஆழம் குறைவாக வெட்டுங்கள். நீர் மெல்லப் பரவினால்தான் மணலில் சுத்தமாக நேரம் கிடைக்கும்.

10. தேறாவிட்டால்

25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் வட்டமான சோக் பிட் (உறிஞ்சு குழி) வேண்டாம், ஆழமில்லாத பள்ளம் மட்டும். 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணுக்குள் விடும் எந்த அமைப்பும் சரிவராது. பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டி “நல்ல மண்” தேடுவது நீர்மட்டத்துக்குள் போய்த்தான் முடியும்.

நீர்மட்டம் மட்டும்தான் தடை, இடம் உண்டு என்றால் நல்ல மணல் கொட்டி உயர்த்திய மேட்டுக் களம் அமைத்து, பம்பால் ஏற்றலாம். இடமும் இல்லையென்றால் கசியாத மூடிய தொட்டி கட்டி, உரிமம் பெற்ற லாரியை அழைக்க வேண்டும், அல்லது சிறு சுத்திகரிப்பு அமைப்பு வைக்க வேண்டும். எதுவானாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்; உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

11. சோதனை முடிந்த அன்றே

3 மீட்டர் ஆகர் துளைகளைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவை கழிவுநீரை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி. குழாயை உருவிவிட்டு, பிசைந்த களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையால் இடித்து மேல்வரை அடைத்துவிடுங்கள்.

குழிகளின் இடம், ஆழம், தேதி, எண்கள் எல்லாவற்றையும் மனை வரைபடத்திலேயே எழுதுங்கள். பிறகு களத்தைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். கட்டட வேலை தொடங்கியதும் முதல் ஜல்லி லோடு கொட்டவும் மிக்சர் லாரி திரும்பவும் ஆட்கள் தேடுவது இப்படிக் காலியாகக் கிடக்கும் இடத்தைத்தான். ஒருமுறை லாரி ஏறி இறுகிய மண்ணுக்கு நீங்கள் எடுத்த எண் பொருந்தாது, மறுபடி ஆகரிலிருந்து தொடங்க வேண்டும்.